இரு மாவட்டங்களில் இயங்கும் பயிற்சி நிறுவனங்களை ஒன்றாக்குவது எப்படி?

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடியில் இயங்கும் எமது சிறு நிறுவனம் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் உள்ளூராட்சித் தலைமைத்துவப் பயிற்சி அளித்து வருகிறது. இதே பணியை அம்பாறை மாவட்டத்தின் அக்கரைப்பற்றில் செய்யும் நிறுவனம் ஒன்றுடன் எம்மை இணையுமாறு இரு தரப்புக்கும் நிதி வழங்கும் கொடையாளர் கூறுகிறார். எம்மிடம் 9 ஊழியர்களும் அவர்களிடம் 8 ஊழியர்களும் உள்ளனர். இரு நிறுவனங்களும் தத்தம் மாவட்ட மட்டத்தில் பதிவு பெற்றவை. எதுவும் கம்பனி அல்ல. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில், இணைப்பு என்ற சொல்லை நீங்களும் கொடையாளரும் ஒரே பொருளில் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் இரு கம்பனிகள் ஒன்றாகித் தொடர்வதற்கான நடைமுறை உண்டு. உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட (பங்குகளுக்குப் பதிலாக உறுப்பினரின் உத்தரவாதத்தின் பேரில் இயங்கும்) கம்பனிகளாகப் பதிந்திருந்தால் அந்த வழியைப் பார்த்திருக்கலாம். உங்கள் நிலையில் நடக்கக்கூடியது வேறு: ஒரு நிறுவனம் நிலைத்து நிற்க, மற்றது தன் சொத்துகளையும் பணிகளையும் அதனிடம் கையளித்துவிட்டுக் கலைய வேண்டும். இரண்டையும் கலைத்துவிட்டுப் புதிய பெயரில் மூன்றாவது ஒன்றைத் தொடங்கலாம் என்று கூட்டத்தில் எவரேனும் நிச்சயம் சொல்வார். இரு தரப்பின் மானத்தையும் காக்கும் அந்த யோசனையை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் கணக்காய்வு அறிக்கைகளின் தொடர்ச்சி அதனால் அறுந்துபோகும்.

களுவாஞ்சிகுடியும் அக்கரைப்பற்றும் ஒரே கரையோர வீதியில் இருப்பதாலும், அம்பாறை 1961இல் தனி மாவட்டமாகும்வரை இரண்டும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்ளேயே இருந்ததாலும், கொடையாளரின் கண்ணுக்கு இது ஒரே பிரதேசமாகத் தெரிகிறது. பதிவைப் பொறுத்தவரை, இரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள பெரியநீலாவணையில் மாவட்ட எல்லை தொடங்கிவிடுகிறது. தன்னார்வ சமூக சேவை அமைப்புகளின் பதிவுக்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒரு மாவட்டத்துக்குள் பணியாற்றப் பதிந்த அமைப்பு, இரண்டு மாவட்டங்களில் பணியாற்ற விரும்பினால் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகத்தில் பதிவு பெற வேண்டிவரும். அது மாதக்கணக்கில் இழுபடக்கூடிய வேலை என்பதால், இரு மாவட்டச் செயலகங்களிலும் உள்ள பொறுப்பான உத்தியோகத்தரைச் சந்தித்து, தேவையான ஆவணங்களின் பட்டியலை இப்போதே பெற்றுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னர் இரு நிறுவனங்களின் யாப்புகளையும் (அமைப்பு விதிகளையும்) எடுத்து, கலைப்பு பற்றிய பிரிவை வாசியுங்கள். எஞ்சும் சொத்து உறுப்பினருக்குச் செல்லாமல் ஒத்த நோக்கமுள்ள அமைப்புக்கே செல்ல வேண்டும் என்று பெரும்பாலான யாப்புகள் கூறும்; எத்தனை உறுப்பினர் வந்தால், எத்தனை பேர் ஆதரித்தால் கலைக்கலாம் என்பதுதான் சிக்கலான இடம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் அவசரமாகத் தொடங்கப்பட்ட எத்தனையோ சங்கங்களின் உறுப்பினர் பட்டியலில் வெளிநாடு சென்றவர்களும் காலமானவர்களும் இன்னும் உறுப்பினர்களாகவே இருக்கிறார்கள். அந்தப் பட்டியலைப் பொதுச்சபையில் முறைப்படி திருத்தாமல் கலைப்புத் தீர்மானத்துக்குக் கூட்டம் கூட்டினால், நிறைவெண் (கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லையென்று ஒருவர் எழுந்து சொன்னாலே அனைத்தும் நின்றுவிடும்.

உங்கள் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது ஊழியர் எண்ணிக்கை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஊழியர் ஒருவர் வேலையிலிருந்து நீங்குவதற்கு முந்தைய 12 மாதங்களில் ஏதேனும் ஒரு நாளில் 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் அங்கு பணியாற்றியிருந்தால், 5 ஆண்டுச் சேவை முடித்த மாதச் சம்பள ஊழியருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் வழங்க வேண்டும். இன்று அந்த எண்ணிக்கையை உங்கள் இரு நிறுவனங்களில் எதுவும் எட்டவில்லை. இணைந்த மறுநாள் 17 பேர் ஆகிவிடுவீர்கள். ஊழியரின் சம்மதமின்றி அவரை நிறுத்துவதைக் கட்டுப்படுத்தும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்துக்கும் இதே 15 என்ற எண்ணே வரம்பு. ஆகவே, முதலில் இணைவோம், மேலதிகமானவர்களைப் பிறகு குறைப்போம் என்று எண்ணுவது தவறு. யாருடைய முந்தைய சேவைக்காலம் ஏற்றுக்கொள்ளப்படுகிறது என்பதைக் கடிதமாக எழுதி ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். பணிக்கொடைக்கான தொகையை எங்கிருந்து ஒதுக்குவது என்பதைக் கொடையாளரிடமே கேளுங்கள், இணையச் சொன்னவர் அவரே. கலையும் நிறுவனம் ஊழியர் சேமலாப நிதிக்கான 12 சதவீதப் பங்களிப்பையும், ஊழியரிடமிருந்து கழித்த 8 சதவீதத்தையும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 சதவீதத்தையும் நிலுவையின்றிச் செலுத்தியதற்கான சான்றுகளை, கையொப்பத்துக்கு முன்னரே பார்த்துவிட வேண்டும்.

நிர்வாக சபையைப் பொறுத்தவரை, எமது பகுதியில் ஆசனப் பங்கீடு புதிதல்ல. குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) ஒரு வண்ணக்கர், அதாவது அறங்காவலர், என்ற கோயில் வழக்கத்தையும், குடிக்கு ஒரு மரைக்காயர், அதாவது நிர்வாகி, என்ற பள்ளிவாசல் வழக்கத்தையும் கண்டு வளர்ந்தவர்கள் நாம் என்பதால், ‘உங்களுக்கு ஐந்து, எங்களுக்கு ஐந்து’ என்ற பேச்சு இயல்பாகவே எழும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அதை ஏற்கலாம். எக்காலத்துக்குமென யாப்பில் எழுதாதீர்கள். எழுதினால் ஒரே பெயர்ப் பலகையின் கீழ் இரண்டு நிறுவனங்களே இருக்கும்.

நீங்கள் இதுவரை பயிற்றுவித்தவர்களின் பெயர்ப்பட்டியல் உங்கள் பெறுமதியான சொத்து; ஆனால் மேசை நாற்காலிபோல் கையளிக்கக்கூடியதல்ல. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 சதவீதம் ஒதுக்கப்பட்ட பின்னர், உங்களைப் போன்றோரிடம் பயிற்சி பெற்ற பலர் கட்சி வேட்பாளர்களாகினர். யார் எந்தக் கட்சியை நாடினார் என்பது உங்கள் கோப்புகளில் இருக்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசியல் கருத்தைச் சிறப்புக் கவனத்துக்குரிய தரவாகக் கொள்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், விசாரிப்புகளுக்குப் பழகிய எமது ஊரில் ஒரு பெண் உங்களை நம்பிச் சொன்னதை அவரிடம் கேட்காமல் வேறொருவரிடம் கொடுப்பது முறையல்ல. ஒவ்வொருவரின் சம்மதத்தையும் பெற்றே மாற்றுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னர், புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றின் கீழ் ஒரு பயிற்சிச் சுற்றைச் சேர்ந்து நடத்திப் பார்ப்பதே என் ஆலோசனை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம், நோன்பு மாதம், வேளாண்மை (நெல்) வெட்டும் காலம் ஆகியவற்றை ஒரே நாட்காட்டியில் பொருத்த முடிகிறதா, உங்கள் வளவாளரை (பயிற்றுநரை) அவர்களிடம் பயிற்சி பெறுவோர் ஏற்கிறார்களா, ஒரு பற்றுச்சீட்டுக்கு இரு கணக்காளர்களும் ஒரே விதிமுறையைப் பின்பற்றுகிறார்களா என்பவை அதில் தெரிந்துவிடும். சரிவரவில்லையென்றால், இரண்டு நிறுவனங்களாகவே இருந்து பாடத்திட்டத்தை மட்டும் பகிர்ந்துகொள்ளலாம். கொடையாளருக்கும் அதை எழுத்தில் விளக்கலாம்.

சரிவந்தால், நடைமுறையிலுள்ள ஒவ்வொரு திட்ட ஒப்பந்தத்தையும் மாற்றுவதற்குக் கொடையாளரின் எழுத்துமூல இணக்கத்தைப் பெற்று, இறுதிக் கணக்காய்வை முடித்து, அதன் பிறகே கலைப்புக் கூட்டத்தைக் கூட்டுங்கள். கலையும் நிறுவனத்தின் வங்கிக் கணக்கை எல்லாவற்றுக்கும் கடைசியாகவே மூட வேண்டும். இறுதி மாதச் சேமலாப நிதிப் பங்களிப்பும், கொடையாளர் நிறுத்திவைத்திருக்கும் கடைசித் தவணையும் அந்தக் கணக்கின் வழியாகவே செல்லவும் வரவும் வேண்டியிருக்கும்.