சைகோன் மாரியம்மன் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: கணவரின் வேலைக்காக வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தில் (பழைய பெயர் சைகோன்) குடியிருக்கிறோம். இங்குள்ள மாரியம்மன் கோயிலுக்கு வியட்நாமியர்கள்தான் அதிகம் வருகிறார்கள். கொத்துக்கொத்தாக ஊதுவத்தி ஏற்றி, கல்சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு வேண்டுகிறார்கள். எட்டு வயது மகளும் அதையே செய்கிறாள். "நம்ம பழக்கமே மறந்துடும், அங்கே கூட்டிட்டுப் போகாதே" என்கிறார் ஊரிலிருக்கும் மாமியார். என்ன செய்வது?

பதில்: தாராளமாகக் கூட்டிப் போங்கள் அம்மா. பென் தான் சந்தைக்குப் பக்கத்திலுள்ள அந்தக் கோயிலை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பியவர்கள், வியாபாரத்துக்குப் போன நம் தமிழர்கள். 1975-இல் வியட்நாம் போர் முடிந்த பிறகு அவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டார்கள். நாம் போன பிறகும் அம்மனைத் தேடி வந்தவர்கள் உள்ளூர் மக்கள்தான். அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். மகளைத் தடுக்காதீர்கள்.

மாமியாரின் கவலையும் நியாயமானதுதான். ஆனால் மாரியம்மனுக்கு எந்த ஊரில் ஒரே முறை இருந்தது? ஓர் ஊரில் கூழ் ஊற்றுகிறோம், இன்னோர் ஊரில் தீச்சட்டி எடுக்கிறோம். அவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். விளக்கேற்றுவது, திருநீறு பூசுவது, நாலு பாட்டு இதெல்லாம் வீட்டில் பழக வேண்டியவை. வெள்ளிக்கிழமை மாலை வீடியோ காலில் பாட்டியே பேத்திக்குச் சொல்லித் தரட்டும். அவருக்கும் மனசு நிறையும்.

அப்புறம் இன்னொன்று. இந்து சமயம் அந்த நாட்டுக்கு நம் வியாபாரிகளோடு வந்ததல்ல. மத்திய வியட்நாமிலுள்ள மீ சனில் 4-ஆம் நூற்றாண்டிலேயே சாம் என்ற இனத்தின் அரசர் பத்ரவர்மன் சிவனுக்குக் கோயில் கட்டினார். அந்த சாம் மக்களில் ஒரு பிரிவினர் இன்றும் தங்களை 'பாலமோன்' என்கிறார்கள். 'பிராமண' என்ற சொல்லின் திரிபு அது. மாட்டிறைச்சி உண்பதில்லை, இறந்தவர்களை எரிக்கிறார்கள். பான்ராங் ஊரில் போ குளோங் கராய் என்ற செங்கல் கோபுரம் இருக்கிறது. வாசலுக்கு மேலே ஆறு கைகளோடு சிவன் ஆடுகிறார், உள்ளே நந்தி, முகம் செதுக்கிய லிங்கம். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் காத்தே திருவிழா வரும். மலைவாழ் ராக்லாய் மக்கள் பாதுகாத்து வரும் சுவாமியின் உடைகளை ஊர்வலமாகக் கொண்டுவந்து சாத்துவார்கள். உங்கள் மகள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்!

சைகோனிலிருந்து ரயிலில் பான்ராங்கின் தாப் சாம் நிலையத்தில் இறங்கினால் கோபுரம் பக்கம்தான். திருவிழா சாம் நாள்காட்டிப்படி வருவதால் தேதி மாறும். விசாரித்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள். முடிந்தால் மாமியாரையும் அந்தச் சமயத்தில் வரவழையுங்கள்.