ஏற்காட்டில் பி.எட். பயிற்சி: கருவி இல்லாமல் காற்றழுத்தம் நடத்துவது

பி.எட். பயிற்சிக்குப் போயிருக்கும் ஏற்காட்டுப் பள்ளியில் கருவியே இல்லை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை என்கிறீர்கள். காற்றழுத்தம் நடத்த உங்களைவிட நல்ல இடத்தில் யாரும் இல்லை!

சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஒன்றை மலைக்கு எடுத்து வாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வரும்போது உப்பியிருக்கும். அதை மேசையில் வைத்து "ஏன்?" என்று மட்டும் கேளுங்கள். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதுதான் விடை, ஆனால் உடனே சொல்லாதீர்கள். தப்பான பதில்களையும் கரும்பலகையில் எழுதுங்கள், அங்கேதான் வகுப்பு சூடுபிடிக்கும்.

அப்புறம் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் 95 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். ஆய்வக வெப்பமானியைக் கல்லூரியில் கேட்டு வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைக் கொதிநீரில் விட்டால் வெடித்துவிடும். உங்கள் வகுப்பைப் பார்க்கப் பரிசோதகர் வரும் நாளுக்கென்று இதை ஒதுக்கி வைக்க வேண்டாம், முதல் வாரமே செய்யுங்கள்.

ஆசிரியராக எம்.எஸ்சி.யும் படிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பத்தாம் வகுப்பு வரை என்றால் தகுதிக்கு பி.எஸ்சி., பி.எட்., டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாள் போதும், ஆனால் வேதியியல், உயிரியலும் சேர்த்துப் பாடம் எடுக்க வேண்டிவரும். இயற்பியல் மட்டும்தான் என்றால் மேல்நிலை, அதற்கு எம்.எஸ்சி. வேண்டும். பெரியார் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது, விண்ணப்பித்துப் பாருங்கள்.