பி.பி. மெஷின் வாங்கும் முன் கையை அளந்துகொள்ளுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு டாக்டரிடம் பார்த்தபோது 146/92 இருந்தது. மாத்திரை தொடங்கும் முன் ஒரு வாரம் வீட்டில் பார்த்து எழுதி வரச் சொல்லியிருக்கிறார். கடையில் மணிக்கட்டு மெஷின், மேல்கை மெஷின், பி.பி. காட்டும் வாட்ச் என்று மூன்றையும் எடுத்து வைக்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: மேல்கையில் கட்டும் தானியங்கி மெஷின். வேறு யோசனையே வேண்டாம். மணிக்கட்டு மெஷினை இதயத்தின் மட்டத்தில் பிடித்தால்தான் கணக்கு சரியாக வரும். கை 10 செ.மீ. கீழே இறங்கினாலே 7 முதல் 8 புள்ளிகள் கூடுதலாகக் காட்டும். மடியில் வைத்துப் பார்த்தால் இன்னும் மோசம். பி.பி. காட்டும் வாட்சுகள் பலவற்றுக்கும் அவ்வப்போது கஃப் (கையில் சுற்றிக் காற்றேற்றும் பட்டை) உள்ள மெஷினில் பார்த்த அளவைக் கொடுத்துத் திருத்த வேண்டும். எப்படியும் கஃப் மெஷின் தேவைப்படும்போது வாட்சுக்கு எதற்குத் தனியாகப் பணம்?

பெரும்பாலானோர் கோட்டை விடுவது கஃப் அளவில். கடைக்குக் கிளம்பும் முன் தையல் டேப்பை எடுங்கள். தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை எலும்புக்கும் நடுவே, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டுச் சுற்றளவை அளக்க வேண்டும். பெட்டிக்குள் சாதாரணமாக வருவது 22–32 செ.மீ. கஃப். அப்பாவின் கை 34 செ.மீ. என்றால் அந்தக் கஃப் உள்ளதைவிட அதிகமாகவே காட்டும், இல்லாத பி.பி.க்கு மாத்திரை எழுதும் நிலை வரலாம். அப்படியானால் 22–42 செ.மீ. கஃப் உள்ள மாடலைக் கேளுங்கள். ஒல்லியான கைக்குப் பெரிய கஃப் போட்டால் குறைத்துக் காட்டும். பல கஃப்களின் உட்புறத்தில் இரண்டு கோடுகளும் ஓரத்தில் ஒரு குறியும் அச்சிட்டிருக்கும். கையில் சுற்றியதும் அந்த ஓரக் குறி இரண்டு கோடுகளுக்கும் நடுவே விழ வேண்டும். கடையிலேயே சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து மாடல் எண். துல்லியம் சோதிக்கப்பட்ட மெஷின்களின் பட்டியல் ‘ஸ்ட்ரைட் பி.பி.’ (STRIDE BP) இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பிராண்ட் பெயர் இருந்தால் போதாது. ஒரே கம்பெனியின் ஒரு மாடல் இருக்கும், இன்னொன்று இருக்காது. பெட்டியில் உள்ள எண்ணை எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். உற்பத்தி அல்லது இறக்குமதி உரிம எண் அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ப்ளூடூத், பேசும் குரல் எல்லாம் வசதிதான். அவற்றால் துல்லியம் கூடாது. அந்தப் பணத்தைச் சரியான கஃப்புக்குக் கொடுங்கள்.

கேள்வி: புது மெஷினில் ஐந்து நிமிடத்துக்குள் 152, 143, 138 என்று மாறி மாறி வருகிறது. பழுதா? மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: பழுது இல்லை. உட்கார்ந்ததும் எடுக்கும் முதல் அளவு பெரும்பாலும் கூடுதலாகவே வரும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, சிகரெட், நடைப்பயிற்சி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டால் அது கையை இறுக்கும், கழற்றிவிடுவது நல்லது. கையை மேசை மேல் வைத்து, முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே கஃப்பைக் கட்டுங்கள்.

காலையில் டிபனுக்கும் மாத்திரைக்கும் முன் இரண்டு முறை, இரவு இரண்டு முறை. நடுவே ஒரு நிமிட இடைவெளி. 7 நாளில் 28 அளவுகள் கிடைக்கும். முதல் நாளின் நான்கையும் விட்டுவிட்டு மீதி 24-க்குச் சராசரி எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85-ஐ எட்டினால் அது உயர் ரத்த அழுத்தம். டாக்டரிடம் பார்க்கும்போதுதான் 140/90 கணக்கு. நல்ல எண்ணை மட்டும் எழுதி, கூடியதை விட்டுவிடாதீர்கள். அந்தப் பட்டியலை வைத்துத்தான் டாக்டர் முடிவெடுக்கிறார்.

உண்மையான பழுது வேறு மாதிரி இருக்கும். காற்றேற்றி, பாதியில் நின்று, மறுபடி மறுபடி ஏற்றினால் கஃப்போ குழாயோ கசிகிறது. புது பேட்டரி போட்டும் பிழைக்குறி வந்தால் பில்லோடு கடைக்குப் போங்கள். மாற்ற மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. குழாயை மெஷினைச் சுற்றி இறுக்கி வைக்காதீர்கள். மடிப்பில்தான் முதலில் விரிசல் விழும்.

180/120-க்கு மேல் காட்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல் ஏதாவது இருந்தால் திரும்ப அளந்துகொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: மெஷினில் பல்ஸ் 84, கையில் கட்டியிருக்கும் ஃபிட்னஸ் பேண்டில் 66. எது சரி? பல்ஸ் நன்றாக இருந்தால் பி.பி.யும் சரிதானே?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். மெஷின் காட்டுவது அந்த நிமிடத்துத் துடிப்பு. பேண்ட் ‘ஓய்வுநிலைத் துடிப்பு’ என்று தருவது, நீங்கள் அசையாமல் இருந்த நேரங்களை வைத்துப் போட்ட கணக்கு. சந்தேகம் இருந்தால், காலையில் படுக்கையை விட்டு எழும் முன் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்.

பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு. நன்றாக ஓடிப் பழகியவர்களுக்கும், மெட்டோப்ரோலால், அட்டனலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் 60-க்குக் கீழே வரலாம். தலைசுற்றலோ மயக்கமோ சேர்ந்தால் டாக்டரிடம் போக வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. சும்மா இருக்கும்போதே நாள்கணக்கில் 100-க்கு மேல் என்றால் ரத்தசோகை, தைராய்டு போன்ற காரணங்களைத் தேட வேண்டும்.

ஆனால் பல்ஸ் வேறு, பி.பி. வேறு. ஒன்று இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்ற எண்ணிக்கை. மற்றது ரத்தக்குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம். 66 பல்ஸோடு 160/100 இருப்பவர்கள் ஏராளம். மெஷினில் ஒழுங்கற்ற துடிப்பைக் காட்டும் இதயக் குறி அடிக்கடி வந்தால் அதையும் குறித்துக்கொண்டு போய் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். துடிப்பு தாறுமாறாக இருந்தால் பி.பி. அளவும் தவறலாம்.

கேள்வி: இந்துப்புக்கு மாறினால் பி.பி. குறையுமா? லோ சோடியம் உப்பு வாங்கலாமா?

பதில்: இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். விலைதான் கூடுதல், அயோடின் சேர்க்காததும் உண்டு. லோ சோடியம் உப்பில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும், பி.பி. குறைய அது உதவும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை எடுப்பவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துக்கே ஆபத்தாகலாம். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

எந்த உப்பானாலும் ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் இந்தக் கணக்குக்குள்தான். பாக்கெட்டில் ‘உப்பு’ என்று போடாமல் ‘சோடியம்’ என்று போட்டிருப்பார்கள், அதை 2.5-ஆல் பெருக்குங்கள். 100 கிராம் மிக்சரில் சோடியம் 800 மி.கி. என்றால் உப்பு 2 கிராம்.