டென்ட்டும் வாட்டர் பார்க்கும்: ஈரத்தை எங்கே நிறுத்துவது?

கேள்வி: நண்பர்கள் எட்டுப் பேர் இரண்டு கார்களில் வார இறுதிக்குக் கிளம்புகிறோம். சனிக்கிழமை காலை முதல் மாலைவரை வாட்டர் பார்க். அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள முகாமுக்குப் போய் டென்ட் போட்டுத் தங்கிவிட்டு, ஞாயிறு மதியம் ஊர் திரும்புவதாகத் திட்டம். ‘நான்கு பேர்’ என்று அட்டையில் போட்ட டென்ட் இரண்டு இருக்கிறது. சென்ற முறை மழையே இல்லாமல் டென்ட்டுக்குள் ஈரம் சொட்டி, ஸ்லீப்பிங் பேக் எல்லாம் நனைந்தது. ஓட்டை என்று நினைத்துத் தையல்களில் பசை தடவி வைத்திருக்கிறோம். எங்களில் இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. ஒருவர் கான்டாக்ட் லென்ஸ் போடுபவர். திட்டம் சரியா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: திட்டத்தின் வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். சனிக்கிழமை முகாம், ஞாயிற்றுக்கிழமை வாட்டர் பார்க். பகல் முழுக்கத் தண்ணீரில் கிடந்த எட்டுப் பேர், நனைந்த துண்டுகளும் உடைகளுமாக இருட்டும் நேரத்தில் வந்து டென்ட் போடுவது எப்படிப் பார்த்தாலும் வம்பு. முளை சரியாக இறங்காது, மேடு பள்ளம் தெரியாது, பசியில் யாருக்கும் பொறுமை இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஈரம் அத்தனையும் உங்களோடு சேர்ந்து டென்ட்டுக்குள் படுக்கும். வரிசையை மாற்றினால் நனைந்த துணி நேராக வீட்டுக்குப் போய்விடும்.

சென்ற முறை நனைந்ததற்குக் காரணம் அநேகமாக ஓட்டை இல்லை, உங்கள் மூச்சுதான். தூங்கும் ஒருவர் ஓர் இரவில் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஏறக்குறைய கால் லிட்டர் நீரை ஆவியாக விடுகிறார். நான்கு பேர் என்றால் ஒரு லிட்டர். பின்னிரவில் வெளித்துணி குளிர்ந்ததும், அந்த ஆவி அதன் உட்பக்கத்தில் துளித்துளியாகப் படிகிறது. குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் இழுத்து மூடினால் அது வெளியேற வழியே இல்லை. மேலே உள்ள காற்றுத் துளைகளைத் திறந்து வையுங்கள். கதவின் மேல் பகுதி ஜிப்பையும் ஒரு சாண் இறக்கி வையுங்கள், வலை மூடியிருந்தால் போதும். வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே எங்கும் ஒரு கை நுழையும் இடைவெளி வேண்டும். இரவில் துணி தளர்ந்து இரண்டும் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் ஈரம் உள்ளே இறங்கிவிடும். அதனால் படுக்கப் போகுமுன் கயிறுகளை ஒரு சுற்று இழுத்துக் கட்டிவிடுங்கள். ஈரத்துணி ஒன்றுகூட உள்ளே வேண்டாம்.

அட்டையில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். ‘நான்கு பேர்’ என்றால், சுமார் 55 சென்டிமீட்டர் அகலப் பாய்கள் நான்கைப் பக்கம் பக்கமாக விரிக்கலாம் என்பதுதான் கணக்கு. பைகளுக்கு இடமில்லை. ஓரத்தில் படுப்பவரின் தோள் சுவரில் உரசும், உரசினால் நனையும். ஒரு டென்ட்டில் மூன்று பேர் என்று வைத்து, இன்னொரு சின்ன டென்ட் இரவல் வாங்குங்கள். பை, காலணி எல்லாம் காரில் இருக்கட்டும்.

முகாமுக்குச் சூரியன் மறைய இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். லேசான சரிவு இருந்தால் தலைப்பக்கம் மேட்டில் வரட்டும். பள்ளமான இடம், வறண்ட ஓடை, காய்ந்த கிளை தொங்கும் மரத்தடி மூன்றும் வேண்டாம். கீழே விரிக்கும் தார்ப்பாய் டென்ட்டின் அடித்தளத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும்; சுற்றிலும் நான்கு விரல் உள்வாங்கி இருந்தால் சரி. பெரியதாக இருக்கிறதே என்று வெளியே நீட்டி விடுபவர்கள்தான் அதிகம். நீட்டிய பகுதியில் விழும் மழைநீர் வழிந்து ஓடாமல், நேராக உங்கள் முதுகுக்கு அடியில் வந்து தேங்கும்.

முளை அடிக்கும்போது கதவு ஜிப்புகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும். திறந்து வைத்து மூலைகளை இழுத்து அடித்தால், பிறகு ஜிப் மூடும்போது துணி போதாது. பலவந்தமாக இழுப்பீர்கள், பல் விலகும், கொசுவுக்குக் கதவு திறந்தாயிற்று. முளையின் தலை டென்ட்டை விட்டு விலகிச் சாய்ந்திருக்கட்டும். கயிறும் முளையும் ஏறக்குறைய செங்கோணத்தில் சந்திக்க வேண்டும். டென்ட்டைப் பார்த்துச் சாய்த்து அடித்தால் காற்று வேகமாக இழுத்ததும் உருவிக்கொண்டு வரும். உள்ளே மீள்கயிறு ஓடும் கம்பிகளை எப்போதும் தள்ளித்தான் நகர்த்த வேண்டும். இழுத்தால் துணிக்குழாயின் நடுவில் கம்பி பிரிந்து மாட்டிக்கொள்ளும்.

இரவுக் குளிர் பெரும்பாலும் தரையிலிருந்துதான் ஏறும். உங்கள் எடையில் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் அமுங்கிவிடுவதால் அங்கே வெப்பம் நிற்காது. காற்றடைத்த மெத்தை மட்டும் போட்டால் உள்ளே உள்ள காற்றும் குளிர்ந்துவிடும், அதனால் அதன் மேல் ஒரு ஃபோம் பாய் விரித்துக்கொள்ளுங்கள். பகலில் போட்டிருந்த எதையும் போட்டுக்கொண்டு தூங்காதீர்கள்; உள்ளாடை, சாக்ஸ் உட்பட எல்லாம் உலர்ந்ததாக மாற்றுங்கள். இந்தத் தூக்க உடையையும் ஸ்லீப்பிங் பேக்கையும் கனமான குப்பைப் பையில் போட்டுக் கட்டி எடுத்துப்போனால் வழியில் எதுவும் நனையாது.

அடுப்பு விஷயத்தில் பேரமே இல்லை. டென்ட்டுக்குள்ளும் அதன் முகப்பிலும் அடுப்பு எரியக்கூடாது. அணைந்துவிட்டது என்று நினைத்த கரியைக் குளிருக்காக உள்ளே கொண்டு வைப்பதுதான் இருப்பதிலேயே மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். வெளியில் போட்ட நெருப்பை அணைக்கத் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் சூடே தெரியக்கூடாது. இடி கேட்டால் டென்ட் பாதுகாப்பில்லை, எல்லோரும் காருக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகு வெளியே வரலாம்.

சாப்பாட்டுக்கு ஐஸ் பெட்டி இரண்டாக இருக்கட்டும். ஒன்றில் குடிக்கும் பானங்கள். அதை நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது திறப்பார்கள். மற்றதில் உணவு, சமைக்கும் நேரம் தவிர அதைத் திறக்கவே கூடாது. பனிக்கட்டி வாங்குவதற்குப் பதில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து அடுக்கினால், உருகியதும் குடிக்கலாம், பெட்டியிலும் தண்ணீர் தேங்காது. வெளியே எடுத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 32 டிகிரியைத் தாண்டிய வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை கார் வெயிலில் நிற்கும் என்பதையும் மறக்காதீர்கள். எஞ்சிய கேஸ் குப்பியை அதில் விட்டுப் போகக்கூடாது. 50 டிகிரிக்கு மேல் சூடாக்காதே என்று குப்பியிலேயே எழுதியிருக்கும், பூட்டிய காரின் உள்ளே அந்தச் சூடு சாதாரணமாக வரும். சனிக்கிழமை இரவோடு தீர்ந்துவிடும் அளவுக்குச் சிறிய குப்பியாக வாங்குங்கள். ஞாயிறு காலை அடுப்பில்லாத உணவாக இருக்கட்டும்.

இனி வாட்டர் பார்க். திறக்கும் நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் பெரிய சறுக்குகளை முடித்துவிடலாம், வரிசை அப்போதுதான் குறைவு. உச்சி வெயிலில் நிழலுக்கு வந்து சாப்பிட்டு, மெதுவாக ஓடும் செயற்கை ஆற்றில் மிதந்துவிட்டு, கூட்டம் கலையும் மாலையில் மறுபடி சறுக்கலாம். உடை நைலான் அல்லது பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி தண்ணீர் குடித்துக் கனக்கும். உலோக ஜிப், பொத்தான், ரிவெட் உள்ள கால்சட்டையோடு சறுக்கில் ஏற விடமாட்டார்கள். அது சறுக்கின் மேல்பூச்சைக் கீறும், அடுத்து வருபவர் தோலையும் கீறும். மோதிரத்தைக் கழற்றி விடுங்கள், குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கி அது தானாகவே நழுவும்.

சறுக்கில் மல்லாந்து படுத்து, கணுக்கால்களை ஒன்றின்மேல் ஒன்று போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொள்ள வேண்டும். பயத்தில் கையை விரித்து விளிம்பைப் பிடிப்பவர்களுக்குத்தான் முழங்கை தேயும், தோள் பிசகும். கீழே இறங்கியதும் அங்கேயே நின்று சிரிக்காமல் உடனே விலகுங்கள், பின்னால் ஆள் வந்துகொண்டிருக்கிறார். மிதவையில் போகும் சறுக்குகளில் எல்லோருடைய எடையும் சேர்த்துத்தான் வரம்பு. வெட்கப்பட்டு எடையைக் குறைத்துச் சொன்னால் மிதவை வளைவில் தேவைக்கு மேல் ஏறும். இதயக் கோளாறு, கழுத்து அல்லது முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேகச் சறுக்குகளைத் தவிர்க்க வேண்டும்.

நீச்சல் தெரியாத இருவருக்கும் உயரமான சறுக்கைவிட அலைக்குளம்தான் ஆபத்து. கரையிலிருந்து பார்த்தால் கடற்கரை போலச் சாதுவாகத் தெரியும். ஆனால் அலை வந்து போகும்போது கால் தரையை விட்டு எழும்பி, கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்துக்கு நகர்ந்துவிடும். மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதில்லை. மூச்சு விடவே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்கும். நெரிசலில் அது லைஃப்கார்டு கண்ணிலும் தாமதமாகத்தான் படும். இருவருக்கும் அளவு சரியான லைஃப் ஜாக்கெட் போட்டுவிடுங்கள். சரியா என்று பார்க்க, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். முகவாயைத் தாண்டி ஏறினால் பெரியது. காற்றடைத்த வளையம் அதற்கு மாற்றே இல்லை. இடுப்பளவு ஆழத்தோடு நிற்கட்டும், ஒவ்வொருவருக்கும் நீந்தத் தெரிந்த ஒருவர் கை எட்டும் தூரத்தில் ஜோடியாக இருக்கட்டும். பீர் குடிக்கும் எண்ணம் இருந்தால் அதைத் தண்ணீரிலிருந்து ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள், கார் ஓட்டுபவர் வீட்டுக்குப் போன பிறகு.

கான்டாக்ட் லென்ஸ் நண்பருக்கு: லென்ஸோடு தண்ணீரில் இறங்கவே வேண்டாம். லென்ஸுக்கும் விழிக்கும் நடுவில் தண்ணீர் தங்கினால் அகந்தமீபா போன்ற கிருமிகள் கருவிழியைத் தாக்கலாம்; அரிது என்றாலும் வந்தால் பார்வையே போகலாம். பவர் போட்ட நீச்சல் கண்ணாடி கிடைக்கிறது, அதுதான் நல்லது. கிடைக்காவிட்டால் ஒருநாள் லென்ஸின் மேல் இறுக்கமான நீச்சல் கண்ணாடி போட்டு, வெளியே வந்ததும் லென்ஸைக் கழற்றி எறிந்துவிட வேண்டும்.

குளத்தில் குளோரின் வாடை தூக்கலாக அடித்தால் தண்ணீர் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின்களின் வாடை அது. இறங்குமுன் எல்லோரும் ஒரு நிமிடம் குளித்தால் அதில் பெரும்பகுதி குறையும். வயிற்றுப்போக்கு இருப்பவர் இறங்கவே கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரின் சரியாக இருக்கும் தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும்.

சன்ஸ்கிரீனை எல்லோரும் குறைத்தே வாங்குகிறார்கள். பெரியவர் ஒருவரின் உடல் முழுக்க ஒருமுறை பூச 30 மில்லி தேவை. எட்டுப் பேருக்கு ஒரு தடவைக்கே 240 மில்லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மூன்று தடவை பூசினால் 720 மில்லி. ஒரு சின்னக் குப்பியை எட்டுப் பேர் பகிர்ந்தால் யாருக்கும் பயனில்லை. முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் தேவை ஏறக்குறைய பாதியாகும். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாததை, வெயிலில் இறங்க 15 நிமிடம் முன்பே பூசுங்கள். கொசு மருந்தும் பூசுவதாக இருந்தால் சன்ஸ்கிரீனுக்குப் பிறகுதான்.

போன் கையில் இல்லாத எட்டுப் பேரைத் தேடி அலைவதற்குள் பொழுது போய்விடும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை லாக்கர் பக்கம் கூடுவது என்று முதலிலேயே பேசி வையுங்கள். அங்கேயே சன்ஸ்கிரீன், ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர், தலை எண்ணிக்கை மூன்றும் முடிந்துவிடும். தண்ணீருக்குள் வியர்ப்பது தெரியாது, மாலையில் தலைவலி வந்த பிறகுதான் தெரியும். ரிமோட் உள்ள கார் சாவியை லாக்கரில் வையுங்கள். நீர்புகாப் பையை நம்பிப் போனைக் கொண்டுபோக நினைத்தால், முந்தின நாளே உள்ளே காகிதத் துண்டு போட்டு வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் அமுக்கிப் பாருங்கள்.

ஓட்டுநர்கள் இருவரும் மற்றவர்களைவிட ஒரு மணி நேரம் முன்பே கரையேறி, குளித்து, சாப்பிட்டு, சற்றே கண்ணயரட்டும். நனைந்த உடையை உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி முறுக்கினால் சொட்டுவது நிற்கும். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டுங்கள். காதில் தண்ணீர் நின்றால் தலையைச் சாய்த்துக் காது மடலை மெல்ல இழுத்து ஆட்டினால் போதும், பஞ்சுக்குச்சி வேண்டாம்.

காலையில் பனியோடு மடித்த டென்ட் மட்டும் பாக்கி. வெளித்துணியைத் தனிப் பையில் வைத்திருந்தால் உள்துணி நனையாமல் வந்திருக்கும். அன்றிரவே இரண்டையும் நிழலில் கொடியில் போடுங்கள். இரண்டு நாள் பைக்குள் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அந்த வாடை பிறகு போகவே போகாது. தடவி வைத்த பசையைச் சுரண்ட வேண்டாம், அது இருந்துவிட்டுப் போகட்டும்.