பிளேட்டா, ராடா: அம்மாவின் இடுப்பு முறிவுக்கு எந்த எஸ்டிமேட் சரி?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். 74 வயதான என் அம்மா நேற்று பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. எக்ஸ்ரேயில் ‘இன்டர்ட்ரோகேன்டரிக்’ முறிவு என்று போட்டிருக்கிறது. கடலூரில் எலும்புக்கு வெளியே வைத்துத் திருகும் பிளேட் போதும் என்றார்கள். புதுச்சேரியில் எலும்புக்குள் செலுத்தும் ராடுதான் நல்லது என்று ஏறக்குறைய இரு மடங்கு கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கோ இடுப்பு மூட்டின் பந்தையே (தொடையெலும்பின் தலை) மாற்றினார்கள். அம்மா ரத்தம் உறையாமலிருக்க க்ளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுவதால் ஒரு வாரம் காத்திருக்கவும் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: பக்கத்து வீட்டுக் கணக்கை முதலில் தள்ளி வையுங்கள். அந்தப் பாட்டிக்கு முறிந்தது பெரும்பாலும் தொடையெலும்பின் கழுத்தாக இருக்கும். கழுத்து முறிந்து விலகினால் பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அறுந்துவிடும். ஸ்க்ரூ போட்டாலும் பந்து செத்துப்போகலாம். அதனால்தான் முதியவர்களுக்குப் பந்தையே மாற்றுகிறோம். உங்கள் அம்மாவுக்கு முறிந்திருப்பது அதற்குச் சற்றுக் கீழே. அங்கே ரத்த ஓட்டம் தாராளம். எலும்பு கூடிவிடும், கூடும்வரை கோணாமல் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். புத்தூர் கட்டு அந்த வேலையைச் செய்யாது. இடுப்பில் எந்தக் கட்டும் முறிவை அசையாமல் நிறுத்தாது.

அந்தப் பிடிமானம் பிளேட்டா ராடா என்பதை எத்தனை துண்டு, எந்தச் சாய்வு என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். இரண்டே துண்டாக, உள்பக்கம் நொறுங்காமல் இருந்தால் அது ‘ஸ்டேபிள்’, அதாவது நிலையான முறிவு. அதற்கு டி.எச்.எஸ். என்ற, பந்துக்குள் போகும் பெரிய ஸ்க்ரூவோடு வரும் பிளேட்டும் ராடும் தரும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான், விலைதான் வேறு. இந்த நிலையில் ராடுக்குக் கூடுதல் பணம் கொடுக்கக் காரணம் இல்லை. சிறு ட்ரோகேன்டர் (தொடையெலும்பின் உள்பக்கச் சிறு புடைப்பு) பெயர்ந்து பல துண்டானால் இங்கே பலரும் ராடையே விரும்புகிறார்கள், பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் (NICE) தரும் வழிகாட்டுதல் அதற்கும் பிளேட்டே போதும் என்கிறது. முறிவுக் கோடு தலைகீழ்ச் சாய்வாக ஓடினாலோ, வெளிச்சுவர் உடைந்திருந்தாலோ வாதத்துக்கே இடமில்லை, ராடுதான். அங்கே பிளேட் வைத்தால் எடை ஏற ஏறத் தொடையெலும்பு உள்பக்கம் நழுவும், ஸ்க்ரூ பந்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். மிச்சம் பிடித்த பணம் இரண்டாவது ஆபரேஷனில் போய்விடும்.

ஆகவே இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “இது ஸ்டேபிளா, அன்ஸ்டேபிளா? எக்ஸ்ரேயில் எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” விரலை வைத்துக் காட்டுபவரை நம்பலாம்.

எதை வைத்தாலும் ஸ்க்ரூ உட்காரும் இடம்தான் முக்கியம். முன்பக்கம், பக்கவாட்டு என இரண்டு எக்ஸ்ரேயிலும் ஸ்க்ரூ நுனியிலிருந்து பந்தின் உச்சி வரையுள்ள தூரத்தைக் கூட்டினால் 25 மி.மீ.க்குள் வர வேண்டும். தாண்டினால் கிழித்துக்கொண்டு வரும் ஆபத்து ஏறும்.

எஸ்டிமேட்டை மொத்தத் தொகையாக ஒப்பிடாதீர்கள். இம்ப்ளான்ட், தியேட்டர், மயக்க மருந்து நிபுணர், ரத்தம், ஐ.சி.யூ. நாட்கள், மருந்து, பிசியோதெரபி என்று பிரித்து எழுதி வாங்குங்கள். ‘பேக்கேஜ்’ என்று சொல்லிவிட்டு மருந்தையும் ரத்தத்தையும் வெளியே வைப்பது சாதாரணம். பிளேட்டுக்கு ஸ்டீலே போதும், டைட்டானியம் வேண்டாம். இம்ப்ளான்ட் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

70 வயது தாண்டியவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் 5 லட்சம் வரை ஆயுஷ்மான் காப்பீடு 2024 அக்டோபரிலிருந்து உண்டு. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தாலும் ஆதாரோடு எடுத்துப் போய், பணம் கட்டுவதற்கு முன்பே காப்பீட்டுக் கவுன்டரில் கேளுங்கள். பிறகு கேட்டால் திரும்பக் கிடைப்பது கடினம். புதுச்சேரியில் மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மரும் அருகில்தான் இருக்கிறது.

ஒரு வாரக் காத்திருப்பை நான் ஏற்கமாட்டேன். க்ளோபிடோக்ரலுக்காக இந்த ஆபரேஷனைத் தள்ளிப்போடத் தேவையில்லை. முதுகில் ஊசி போடத் தயங்கினால் முழு மயக்கத்தில் செய்யலாம், கொஞ்சம் கூடுதல் ரத்தம் தயாராக வைத்தால் போதும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், இதயத்தில் ஸ்டென்ட் இருந்தால் இதய மருத்துவரைக் கேளுங்கள். படுக்கையில் போகும் ஒவ்வொரு நாளும் அறை வாடகையோடு நிமோனியா, படுக்கைப்புண், காலில் ரத்த உறைவு என்ற செலவையும் கூட்டும். முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன், மறுநாள் வாக்கரில் நிற்க வைப்பது, இதைக் கேட்டு வாங்குங்கள்.

மறுபக்க இடுப்பும் அதே தேய்ந்த எலும்புதான். ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் கழித்து, ரத்தத்தில் வைட்டமின் டி-யும் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்த்துவிட்டு, எலும்புத் தேய்வைக் குறைக்கும் சோலெட்ரானிக் அமிலம் 5 மி.கி. டிரிப்பில் போடலாம். வருடத்துக்கு ஒரு முறைதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.