மதுரையிலிருந்து பாண்டிக்கு: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

பதினோரு வருஷம் புதுச்சேரி முதலியார்பேட்டையில் குடியிருந்துவிட்டு மதுரைக்குத் திரும்பியவன் நான். அதனால் தொடர் விடுமுறை வந்தாலே நம்ம குழுவில் கேள்விகள் என் பக்கம் வரும். இந்த முறை வந்தவற்றைச் சேர்த்து வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கே.கே. நகரிலிருந்து ஒருவர்: சார், மூன்று நாள் லீவு. பஸ்ஸா, ரயிலா?

ரயிலில் விழுப்புரம், அங்கிருந்து பஸ். காலையில் வைகை எக்ஸ்பிரஸ் பிடித்தால் மதியத்துக்குள் விழுப்புரம் போய்விடலாம். அங்கிருந்து புதுச்சேரி நாற்பது கிலோமீட்டருக்குள்தான், பஸ் ஓயாமல் கிடைக்கும். ராத்திரி ரயிலில் போனால் தூக்கம் மிச்சம் என்று நினைக்காதீர்கள். பாதி ராத்திரியில் விழுப்புரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். அந்த நேரத்தில் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு விடியக் காத்திருந்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு. சொந்தக் காரென்றால் திருச்சி, பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழி. முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

வாடிப்பட்டியிலிருந்து ஒரு அக்கா: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் ஒரே மாநிலம் என்கிறார்கள். ஒரே பயணத்தில் முடித்துவிடலாமா தம்பி?

முடியாது அக்கா. ஆட்சி ஒன்று, இடம் நான்கு. காரைக்கால் நாகப்பட்டினத்துக்கு மேலே இருக்கிறது. மாஹே கேரளக் கரையில், கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவே ஒன்பது சதுர கிலோமீட்டர். ஏனாம் ஆந்திராவில், கோதாவரிக் கரையில் காக்கிநாடாவுக்குப் பக்கம். பிரெஞ்சுக்காரர்கள் வியாபாரத்துக்காக அங்கங்கே வாங்கிய, பிடித்த இடங்கள் இவை. காரைக்காலை அவர்கள் தஞ்சாவூர் ராஜாவிடம் பெற்றது 1739ல். 1954 நவம்பர் 1 அன்று நான்கும் சேர்ந்து இந்தியாவின் கைக்கு வந்தன. அதற்கு இரண்டு வாரம் முன்னால் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். அந்த இடத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. வில்லியனூர் பக்கம் போனால் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள், கூட்டமே இருக்காது.

புதுச்சேரிப் பகுதியும் ஒரே துண்டாக இல்லை. பஸ்ஸில் போகும்போது தமிழ்நாடு வரும், புதுச்சேரி வரும், திரும்பவும் தமிழ்நாடு வரும். கடைப் பலகைகளைப் பார்த்துத்தான் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

திருநகரிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, ஒயிட் டவுனில் போட்டோ எடுக்க எந்தத் தெரு நல்லா இருக்கும்?

மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் எல்லாத் தெருவிலும் இருக்கிறது தம்பி, காலை ஏழு மணிக்குள் போய்விடு. கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள், நிம்மதியாக நடக்கலாம். காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கருங்கல் தூண்கள் நிற்கும். பக்கத்தில் போய்த் தடவிப் பார். செஞ்சிக் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை, ஒவ்வொன்றும் ஒரே கல். அந்தச் சிற்ப வேலையைக் கவனிக்காமல் அதில் சாய்ந்துகொண்டு செல்ஃபி எடுப்பவர்களைத்தான் தினமும் பார்த்தேன்.

ஆனால் நான் உன்னைப் போகச் சொல்வது வாய்க்காலுக்கு மேற்கே. ஊரை நடுவில் பிளக்கும் அந்தப் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. வாய்க்கால் வாசனை பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. மேற்கே வந்தால் வீட்டுக்கு வீடு திண்ணை, அதற்கு முன்னால் தூண் வைத்த தாழ்வாரம். வெயிலில் நடந்து வருகிறவன் ஒதுங்கட்டும் என்று தெருவோரத்தில் கட்டியது. ரங்கப்பிள்ளை தெருவில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு இருக்கிறது. துய்ப்ளே என்ற பிரெஞ்சுக்காரர் கவர்னராக இருந்தபோது பிள்ளைதான் அவருக்கு துபாஷ், அதாவது மொழிபெயர்த்துச் சொல்லும் இடையாள். 1736லிருந்து 1761ல் சாகும் வரை நாட்குறிப்பு எழுதினார். அந்த வீட்டில் கீழ்த்தளம் நம்ம ஊர் மரத்தூண், மேல்தளம் பிரெஞ்சுக்காரன் பாணியில் சுண்ணாம்புத் தூண். 1748ல் பிரெஞ்சுக்காரர்கள் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்ததையும் அவர்தான் எழுதி வைத்தார். கவர்னருக்கு வேண்டியவர், ஊர்க்காரருக்கும் வேண்டியவர். அந்த இக்கட்டு அவர் எழுத்தில் தெரியும். இன்றைக்கு இருக்கும் வேதபுரீஸ்வரர் கோயில் பிற்பாடு வேறு இடத்தில் கட்டியது.

அப்படியே ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவுக்கு வந்தால் பாரதியார் வீடு. 1908ல் வந்தவர் பத்து வருஷம் அந்த ஊரில் இருந்தார். பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடு. நடந்தே போய்விடலாம். நம்ம மதுரை கோயிலைச் சுற்றிச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி, மாசி என்று விரிகிற ஊர். பாண்டி கோடு போட்ட நோட்டு மாதிரி நேர் தெருக்கள். 1693லிருந்து ஆறு வருஷம் அந்த ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட திட்டம் அது என்பார்கள். வழி தப்பவே தப்பாது.

மேலூரிலிருந்து ஒரு ஆசிரியர்: மாணவர்களைக் கீழடிக்கு அழைத்துப் போனேன். அரிக்கமேட்டுக்கும் அழைத்துப் போகலாமா?

தாராளமாக, ஆனால் முதலில் அருங்காட்சியகம், பிறகு மேடு. இந்த வரிசையை மாற்றினால் பிள்ளைகள் உங்களைத் திட்டுவார்கள்.

அரிக்கமேடு புதுச்சேரிக்குத் தெற்கே நான்கு கிலோமீட்டரில், அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில், காக்காயன்தோப்பில் இருக்கிறது. கீழடியில் போல குழிக்குள் எட்டிப் பார்க்க எதுவும் இல்லை. தோண்டியதை மூடிவிட்டார்கள். மாமரங்கள், ஆறு, காற்று, அவ்வளவுதான். நடுவில் பாழடைந்த செங்கல் சுவரும் தூண்களும் நிற்கும். அதை ரோமானியர் கட்டியது என்று அழைத்துப் போகிறவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பதினெட்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவக் குருமடத்தின் மிச்சம்.

விஷயம் மண்ணுக்கு அடியில் கிடைத்ததில் இருக்கிறது. 1945ல் மார்ட்டிமர் வீலர் என்ற தொல்லியலாளர் தோண்டியபோது ரோமானிய மது ஜாடித் துண்டுகளும், இத்தாலியில் செய்த சிவப்புப் பளபளப்புப் பாண்டங்களும் கிடைத்தன. அந்தப் பாண்டம் இத்தாலியில் எந்தக் காலத்தில் செய்தது என்பது ஏற்கெனவே தெரியும். அதே மண்ணடுக்கில் கிடைத்த நம்ம ஊர்ப் பானைகளின் காலமும் அதனால் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டி என்று பிடிபட்டது. பிறகு தென்னிந்தியாவில் வேறெங்கே அதே பானை கிடைத்தாலும் காலத்தைக் கணிக்க ஒரு பிடி கிடைத்துவிட்டது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், கண் விரியும். பழைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பில் வரும் 'பொதுகே' என்ற துறைமுகம் இதுதான் என்பது பலர் கருத்து. அங்கே மணி செய்யும் தொழிலும் பெரிதாக நடந்திருக்கிறது. அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கடுகளவு, மிளகளவு மணிகளைப் பார்த்தேன். அவ்வளவு சின்னதில் நூல் போக ஓட்டை போட்டிருக்கிறார்கள். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். வைகைக் கரையிலும் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன என்பதால் நம்ம பிள்ளைகளுக்கு இது அந்நியக் கதையும் இல்லை. அருங்காட்சியகம் பாரதி பூங்காவை ஒட்டி இருக்கிறது. திங்கட்கிழமை போய் நிற்காதீர்கள்.

இன்னொரு கதையும் வகுப்பில் சொல்லலாம். அரிக்கமேட்டின் பழைய சுவர்களைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவர் லெ ஜான்டி என்ற பிரெஞ்சு வானியலாளர். சூரியனை வெள்ளிக் கோள் கடப்பதைப் பார்க்க 1761ல் பாண்டிக்குக் கப்பலில் வந்தார். அதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட, கப்பல் திரும்பியது. நடுக்கடலில் ஆடும் தளத்திலிருந்து அளக்க முடியவில்லை. சரி, அடுத்தது எட்டு வருஷம் கழித்துத்தானே என்று இந்தப் பக்கமே தங்கிவிட்டார். 1769 ஜூனில் பாண்டியில் எல்லாம் தயார். அன்றைக்குக் காலையில் மேகம் மூடிக்கொண்டது.

பேரையூரிலிருந்து ஒரு அம்மா: பிள்ளைகள் கடலில் குளிக்க ஆசைப்படுகிறார்கள்.

காந்தி சிலைப் பக்கம் கருங்கல் கொட்டிய இடத்தில் வேண்டவே வேண்டாம் அம்மா. துறைமுகம் கட்டிய பிறகு மணல் அரித்துப் போய் அந்தக் கரை பாறையாகிவிட்டது. இப்போது ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது, ஆனாலும் இழுப்பு அதிகம். கடலூர் சாலையில் சுண்ணாம்பாறு படகுத்துறைக்குப் போனால் படகிலேயே ஆறும் கடலும் சேரும் மணல் திட்டுக்குக் கொண்டு விடுவார்கள். அங்கேயும் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். பிள்ளைகளுக்குப் பறவை பிடிக்குமென்றால் ஊசுட்டேரிக்கு விடியற்காலையில் போங்கள், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெளியூர்ப் பறவைகள் வரும்.

சிம்மக்கல்லிலிருந்து ஒரு பெரியம்மா: திருநள்ளாறு போகிறோம். காரைக்காலில் வேறு என்ன?

பெரியம்மா, திருநள்ளாறு போகிறவர்கள் நளதீர்த்தத்தில் முழுகி, சனீஸ்வரனைக் கும்பிட்டு, அப்படியே வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். ஐந்தாறு கிலோமீட்டரில் காரைக்கால் அம்மையார் கோயில். ஆனி பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதி வரும்போது மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் மாம்பழத்தை வீசுவார்கள், கீழே கூட்டம் பிடிக்கும். நான் ஒரு தடவை தலையில் வாங்கியிருக்கிறேன். பழுத்த பழம், தப்பித்தேன். அம்மையாரைக் கண்டு பயந்து புருஷன் பரமதத்தன் கப்பலேறியவர், கடைசியில் வந்து இன்னொரு கல்யாணம் செய்து குடியேறியது நம்ம பாண்டிய நாட்டில்தான். அதனால் அந்தக் கோயிலில் மதுரைக்காரர்கள் கொஞ்சம் அடக்கமாக நிற்பது நல்லது.

மாட்டுத்தாவணியிலிருந்து நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பஸ்ஸில் போய் மாறிக்கொள்ளலாம். வடக்கே கொஞ்ச தூரத்தில் தரங்கம்பாடி, டேனிஷ்காரர்கள் 1620ல் கட்டிய கோட்டை கடலை ஒட்டி நிற்கிறது.

பெயர் வேண்டாம் என்ற ஒருவர்: சரக்கு வாங்கி வரலாமா?

அங்கே குடிப்பது உங்கள் இஷ்டம். அனுமதி இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் குற்றம், சோதனைச் சாவடியில் பையைத் திறப்பார்கள். இதற்காக மட்டும் முந்நூறு கிலோமீட்டர் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

அனுப்பானடியிலிருந்து ஒருவர்: அங்கே ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் எடுக்கும் முன் வண்டியை நாலு பக்கமும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த என் மச்சினன் எடுத்த வண்டியில் ஏற்கெனவே இருந்த கீறலுக்கு, திருப்பிக் கொடுக்கும்போது இரண்டாயிரம் கேட்டார்கள். அரை மணி நேரம் வாதாடி ஐந்நூறில் முடித்தோம்.

ஆரப்பாளையத்திலிருந்து ஒரு தங்கை: ஆரோவில்லில் அந்தத் தங்க உருண்டைக்குள் போக முடியுமா?

மாத்ரிமந்திர் அது. தூரத்திலிருந்து பார்க்கும் இடத்துக்கு யாரும் போகலாம். உள்ளே தியான அறைக்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும், அன்றைக்குப் போய்க் கேட்டால் நடக்காது. இன்னொன்று, ஆரோவில்லின் பெரும்பகுதி இருப்பது தமிழ்நாட்டு விழுப்புரம் மாவட்டத்தில். அதற்கு மேற்கே திருவக்கரையில் கல்மரப் பூங்கா இருக்கிறது. இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வளையம், பட்டை, முண்டு எல்லாம் அப்படியே தெரியும். தட்டினால் கல் சத்தம் வரும். ஆரோவில்லுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடு.

கடைசியாக, ஒத்தக்கடையிலிருந்து: எந்த மாதம் நல்லது?

ஜனவரி, பிப்ரவரி. மாசி மகத்துக்குப் போனால் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன் உள்பட சுற்று ஊர்ச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வரும். நம்ம சித்திரைத் திருவிழா பார்த்த கண்ணுக்கும் அது பெரிசுதான். ஆடியில் வீராம்பட்டினம் தேர். பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே கவர்னர் வந்து வடம் பிடிப்பார், இப்போது துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மட்டும் வானிலை பார்க்காமல் கிளம்பாதீர்கள். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தது அந்தக் கரையில்தான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் கரை கடந்ததும் அங்கேதான், தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர் என்று பழைய பக்கத்து வீட்டுக்காரர் போனில் சொன்னார். லாட்ஜில் முன்பணம் கட்டும் முன் ரத்து செய்தால் திருப்பித் தருவார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.