மேடு ஏறுவது போதாதா?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே வசிக்கிறேன். வயது 46. பள்ளி ஒன்றில் அலுவலகப் பணி. சென்ற மழைக்காலத்தில் என் அம்மா வாசற்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவருடைய எலும்பு மெலிந்திருப்பதாகச் சொன்ன மருத்துவர், நானாவது இப்போதே எடைப் பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்றார். ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதமாகிறது. பயிற்சியாளர் ட்ரெட்மில்லையும் ஒரு கிலோ டம்பெல்லையும் தவிர எதையும் தருவதில்லை. அதிகம் தூக்கினால் பெண்ணுடல் ஆணுடல் போலாகிவிடும் என்கிறார். கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று மாமியார் அஞ்சுகிறார். மலையில் பிறந்தவளுக்கு ஏற்ற இறக்கம் போதாதா என்று கணவர் கேட்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

– வாசகி, கோத்தகிரி

பதில்: சகோதரி, உங்கள் கணவரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உதகையில் இயன்முறை சிகிச்சை அளித்துவரும் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பதும் அதுதான். மூன்று கருத்துகளில் நியாயம் மிகுந்ததும் அதுதான். மேடேறி நடப்பது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தொடைகளுக்கும் மிக நல்லது; அதை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். ஆனால் தசையும் எலும்பும் தமக்குப் பழகிப்போன சுமைக்காக மேலும் வலுப்பெறுவதில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து உங்கள் வீட்டுக்குச் செல்லும் ஏற்றம் நீங்கள் பதினைந்து வயதில் ஏறியபோது எவ்வளவு செங்குத்தாக இருந்ததோ, இன்றும் அவ்வளவுதான். அதற்குத் தேவையான வலுவை உங்கள் கால்கள் என்றோ பெற்றுவிட்டன. மேலும், விழும்போது முதலில் ஊன்றும் மணிக்கட்டுக்கும், முதுகெலும்புக்கும், தோளுக்கும் நடையால் கிடைக்கும் பயன் குறைவு. எடைப் பயிற்சியின் பயன், சுமையை அளந்து சிறிது சிறிதாகக் கூட்ட முடிவதில்தான் இருக்கிறது. ஒரு கிலோ டம்பெல்லை மூன்று மாதமாக மாற்றாமல் கொடுத்துக்கொண்டிருப்பவர் அந்தப் பயனையே உங்களுக்கு மறுக்கிறார் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

உங்கள் வயதில் இது ஏன் அவசரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வயதையொட்டி எலும்பு தன் உச்ச அடர்த்தியை அடைகிறது. மாதவிடாய் நிற்கும்போது எலும்பைக் காத்துவந்த ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால், அதன்பின் வரும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் அடர்த்தியில் 20 சதவீதம் வரை இழக்க நேரிடலாம். தசையும் முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் என்ற அளவில் குறைந்துகொண்டே வருகிறது. அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருப்பது மகளுக்கும் அந்த ஆபத்தைக் கூட்டும் என்பதால், மருத்துவர் சொன்னது முற்றிலும் சரி. ஆஸ்திரேலியாவில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், எலும்பு அடர்த்தி குறைந்த, சராசரியாக 65 வயதான 101 பெண்கள் பங்கேற்றனர். அவர்களில் ஒரு பகுதியினர் நேரடிக் கண்காணிப்பில், வாரம் இருமுறை அரைமணி நேரம், எட்டு மாதங்களுக்குக் கனமான எடைகளையே தூக்கினர். அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் உயர்ந்தது; வீட்டிலேயே இலேசான பயிற்சி செய்த மற்றவர்களுக்கோ அது குறைந்தது. கனமாகத் தூக்கியவர்களில் ஒருவருக்கு மட்டும் முதுகில் சிறு பிடிப்பு ஏற்பட்டது. அறுபத்தைந்து வயதில் அவர்களால் இயன்றது, முறையாகக் கற்றுக்கொடுத்தால், நாற்பத்தாறு வயதில் உங்களாலும் இயலும்.

அடுத்து, ஆணுடல் போலாகிவிடும் என்ற பேச்சு. தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன், பெண்களின் இரத்தத்தில் ஆண்களுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கிறது. முதல் சில வாரங்களில் நீங்கள் உணரப்போகும் வலுவில் பெரும்பகுதி, இருக்கும் தசையை நரம்புகள் முன்னைவிடத் திறமையாக இயக்கப் பழகுவதால் வருவது. வாரம் இருமுறை பயிற்சி செய்யும் பெண்ணுக்கு உடல் உறுதிப்படும், தோள் நிமிரும், அவ்வளவே.

கர்ப்பப்பை குறித்த அச்சத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். பிரசவங்களுக்குப் பின் போதிய ஓய்வின்றி விறகும் தண்ணீரும் சுமந்து துன்பப்பட்ட பெண்களைக் கண்ட தலைமுறையின் அச்சம் அது. சிறுநீர் கசிதல், அடிவயிற்றில் ஏதோ இறங்குவது போன்ற கனம் ஆகியவை இருந்தால், முதலில் மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியைச் செய்துவிட்டே எடையைத் தொட வேண்டும். அவை இல்லாதவர்கள், மூச்சை அடக்கி முக்காமல், தூக்கும்போது மூச்சை வெளியே விட்டு, படிப்படியாகக் கூட்டினால் அஞ்ச வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்ற கர்ணம் மல்லேஸ்வரி, அடுத்த ஆண்டே ஒரு மகனைப் பெற்றெடுத்தார் என்பதை உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் சமையல் எரிவாயு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. இரும்போடு சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. அதை அடுப்படிக்கு நகர்த்துவது பெரும்பாலும் நீங்கள்தானே? முறை தெரிந்து நகர்த்துவது முதுகுக்கு நல்லது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி ஜிம்மில் செய்ய வேண்டியது. உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட், தலைக்கு மேல் உயர்த்துவது, நெஞ்சை நோக்கி இழுப்பது என்ற நான்கு அசைவுகள் போதும். இரண்டு மூன்று வாரங்கள் இலேசான எடையில் முறையை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். இரு முனைகளிலும் எடை மாட்டும் நீளமான பார்பெல் கம்பி, பெண்களுக்கானதே 15 கிலோ என்பதால், முதலில் டம்பெல்லில் தொடங்குவது நல்லது. பிறகு, பத்து முறை தூக்கியபின் இன்னும் இரண்டு மூன்று முறைதான் முடியும் என்று தோன்றும் எடையைத் தேர்ந்தெடுங்கள். பன்னிரண்டு முறை எளிதாக வரும் நாளில் ஒன்று அல்லது இரண்டு கிலோ கூட்டுங்கள். தேதியையும் எடையையும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். அந்த நோட்டைக் காட்டி எடையைக் கூட்டச் சொல்லியும் பயிற்சியாளர் மறுத்தால், வேறு பயிற்சியாளரைத் தேடுவதில் தயங்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள்கள், இடையில் குறைந்தது ஒருநாள் ஓய்வு. நம் ஊர்க் குளிரில் காலை ஆறு மணிக்குப் போகிறவர்கள், உடல் சூடேறும்வரை பத்து நிமிடமாவது கைகால்களை அசைத்த பிறகே எடையைத் தொட வேண்டும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிப்பது இயல்பு. மூட்டுக்குள் சுரீரென்று குத்தினால் நிறுத்திவிடுங்கள். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் குடலிறக்கம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பட்டாணியும் அவரையும் முட்டையும் ராகியும் தட்டில் இருக்கட்டும். மூடுபனி நாள்கள் மிகுந்த ஊர் என்பதால் வைட்டமின் டி அளவையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அம்மா தேயிலை பறிக்கிறார். நாள் முழுவதும் சுமப்பவருக்கும் பயிற்சி தேவையா? ஜிம்முக்குப் பணம் கட்ட வசதியில்லை.

– வாசகி, குன்னூர்

பதில்: உங்கள் அம்மாவின் உழைப்பைப் பயிற்சி என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை, மகளே. கொழுந்து மூட்டையின் கனத்தை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. களைத்தபோது இறக்கிவைக்கவும் முடிவதில்லை. அதே தோளும் அதே முதுகும் நாள்தோறும் தேய்கின்றன. அவருக்கு முதல் தேவை ஓய்வு. மூட்டையை இறக்கும்போது இடுப்பை முறுக்காமல், முழங்காலை மடக்கிக் கால்களால் இறங்கும் பழக்கமும் வேண்டும். விடுமுறை நாளில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரட்டும். சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுவதையும் பத்து முறை செய்யட்டும். முதல் மாதத்துக்கு அதற்கு மேல் வேண்டாம். நீங்களோ இளையவர்; வீட்டில் இருக்கும் அரிசிப் பையில் ஐந்து கிலோ அளந்து கட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு அதே நாற்காலிப் பயிற்சியைத் தொடங்கலாம். எளிதாகும்போது ஒரு படி அரிசி கூட்டுங்கள்.